பொறுப்பா, கடப்பாடா, ஒப்புரவா?

அன்புள்ள குழுவினர்க்கு,

கம்பனிகள் சமூகத்துக்குச் செய்யும் பணியைக் குறிக்கும் Corporate Social Responsibility (CSR) என்பதற்குத் தமிழில் 'கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் சொன்னதற்கு நான் உடன்படவில்லை. இலங்கையில் நாம் பங்குடைமை (partnership) என்பதைத் தமிழ்நாட்டில் கூட்டாண்மை என்கிறார்கள். அந்தக் குழப்பம், 'கம்பனி' என்று மாற்றினால் தீரும். பெரிய சிக்கல் 'பொறுப்பு'.

மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கியில் வங்கியொன்று இந்தச் சொல்லை எழுதி வைத்திருக்கிறது. கூட வந்த பெரியவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "மனே, வங்கி ஆருக்குப் பொறுப்பு நிக்கிது?" என்று கேட்டார். அவருக்குப் பொறுப்பு என்றால் இன்னொருவர் கடனுக்குக் கையெழுத்து வைப்பது. கணக்காளருக்கோ அது ஐந்தொகையில் (balance sheet) சொத்துக்கு எதிரே நிற்பது; நாம் வங்கியில் வைப்பிலிட்ட பணமே வங்கிக்குப் பொறுப்புத்தான். தாங்கியை வங்கி விரும்பிக் கட்டியதா, சட்டம் கட்டச் சொன்னதா? அதை இந்தச் சொல் சொல்லவே இல்லை.

சட்டத்தில் அதுதானே முக்கியம்! இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 135 ஆம் பிரிவு, நிகர இலாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலே, முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2% செலவிடச் சொல்கிறது. எங்கள் இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆனால் இலங்கையின் 2013 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், வங்கிகளின் வரிக்குப் பிந்திய இலாபத்தில் 1% ஐப் பயிர்க் காப்புறுதி அறவீடாக விதித்தது. வெள்ளத்தில் வேளாண்மையைப் பறிகொடுக்கிற அந்தப் பெரியவருக்குத் தாங்கியைவிட இது நெருக்கமான விடயம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கலாமா?

ஆகவே இரண்டு சொற்கள் கேட்கிறேன். சட்டம் கட்டாயப்படுத்துவது 'சமூகக் கடப்பாடு'. விரும்பிச் செய்வது 'ஒப்புரவு', அதாவது ஊருக்கு உதவி வாழ்தல். ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதற் குறளிலேயே 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' வருகிறதே என்பீர்கள். வருகிறது, அங்கே அது பலன் கருதாத உதவிதான்; ஆனால் இன்று சட்டத் தமிழில் கடப்பாடு கட்டாயத்தையே குறிக்கிறது, அதை இனி மாற்ற முடியாது.

குழுவில் வந்த 'சமூகக் கடன்' என்ற முன்மொழிவு அழகானது. பழந்தமிழில் கடன் கடமைதான். என்றாலும் கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்டித் தவிக்கிற பெண்கள் இருக்கும் ஊரில், வங்கியின் பெயரோடு அந்தச் சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒப்புரவிலும் ஓர் இடர் உண்டு. மட்டக்களப்பில் கத்தோலிக்கருக்கு அது பாவமன்னிப்பு அருட்சாதனம். 'கம்பனி ஒப்புரவு' என்று முன்னொட்டுச் சேர்த்தால் மயக்கம் நீங்குமா? கத்தோலிக்கக் கோவிலுக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள்.