20 வருடமாக கிகாஹெர்ட்ஸ் ஏன் நகரவே இல்லை? 2 நானோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

பழையபெட்டி:
வணக்கம் நண்பர்களே. 1997-ல் இன்டெலின் பென்டியம் 2 ப்ராசஸர் வந்தபோது கிளாக் வேகம் 233 மெகாஹெர்ட்ஸ். 2004 கடைசியில் பென்டியம் 4 தொட்டது 3.8 கிகாஹெர்ட்ஸ். அதே போக்கில் போயிருந்தால் இன்று எங்கேயோ இருக்க வேண்டும், ஆனால் 2024-ல் வந்த இன்டெல் 14900கேஎஸ் கூட 6.2 தான், அதுவும் ஒன்றிரண்டு கோரில் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) கொஞ்ச நேரத்துக்கு. நடுவில் 14, 7, 5, 3 நானோமீட்டர் என்று தயாரிப்பு முறையின் எண் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. எனக்கு வேலை சி++ நிரலைக் கம்பைல் செய்வது, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது. 2017-ல் வாங்கிய நாலு கோர் இன்டெல் பெட்டி, முழு பில்ட் போட்டால் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். இப்போதே புதிது வாங்கலாமா, இல்லை 2 நானோமீட்டர் கடைக்கு வரட்டும் என்று பொறுக்கலாமா? இனிமேல் பெரிய பாய்ச்சல் ஏதாவது உண்டா, எல்லாம் விளம்பரம்தானா?

ஹீட்சிங்க்:
கிகாஹெர்ட்ஸ் நின்றதற்குக் காரணம் சூடு. 1974-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் கூட இருந்தவர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்தால், அதே இடத்தில் அதிக டிரான்சிஸ்டர் வைத்து வேகமாக ஓட்டினாலும் சூடு ஏறாது என்பது அதன் சாரம். முப்பது வருடம் மொத்தத் தொழிலும் இதை வைத்துத்தான் பிழைத்தது. ஆனால் 1 வோல்ட் பக்கம் வந்ததும் மாட்டிக்கொண்டது, அதற்குக் கீழே ரொம்பக் குறைத்தால் டிரான்சிஸ்டர் சரியாக அணைவதில்லை, சும்மா இருக்கும்போதே கரண்ட் கசிகிறது. நீங்கள் சொல்லும் அந்தக் கடைசிப் பென்டியம் 4-ஐ (பிரெஸ்காட்) வேகத்துக்காகவே 31 கட்ட பைப்லைனோடு (ஒரு கட்டளை படிப்படியாகக் கடக்கும் வரிசை) கட்டினார்கள். நிரல் அடுத்து எந்தக் கிளையில் போகும் என்ற பிராஞ்ச் கணிப்பு ஒன்று தப்பினால் உள்ளே பாதி வழி வந்த வேலையெல்லாம் குப்பை. அதற்கு அடுத்து வரவேண்டிய டெஜாஸ் என்ற சில்லை 2004 மே மாதமே இன்டெல் கைவிட்டது. 2006-ல் கோர் 2 வந்தது, பைப்லைன் 14 கட்டம், கிளாக்கும் குறைவு, ஆனாலும் பழையதை ஓட ஓட விரட்டியது.

ஆக நின்றது கிளாக் மட்டும்தான். கிளாக்கின் ஒரு சுற்றில் எத்தனை கட்டளை முடிகிறது என்பதில்தான் போட்டி. 2015-ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் ஒரே சமயத்தில் 224 கட்டளைகளைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்குத் தரவு வந்துவிட்டதோ அதை முதலில் முடிக்கும். 2021 ஆல்டர் லேக்கின் பெரிய கோரில் அது 512. உங்கள் பெட்டி ஸ்கைலேக் வம்சமாகத்தான் இருக்கும், அதனால் ஒற்றைக் கோரிலேயே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கேஷ்_அண்ணாச்சி:
மேலே சொன்னது சரி, ஆனால் இனி நடக்கப்போவது கோருக்கு வெளியே. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 0.2 நானோ விநாடி. ராம் வரைக்கும் போய்த் தரவு எடுத்துவர 80 நானோ விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், 400 சுற்று கோர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த 512 எல்லாம் இந்தக் காத்திருப்பை மறைக்கத்தான்.

2022-ல் வந்த ஏஎம்டி-யின் ரைசன் 5800எக்ஸ்3டி-யைப் பாருங்கள். கிளாக் 4.5, அதன் அண்ணன் 5800எக்ஸுக்கு 4.7. ஆனால் 32 எம்பி கேஷுக்கு (சில்லிலேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) மேலே 64 எம்பி துண்டு ஒன்றை அடுக்கி 96 எம்பி ஆக்கியிருந்தார்கள், கேம்களில் பல இடத்தில் அண்ணனைத் தூக்கிச் சாப்பிட்டது. என்ன, மேலே மூடியதால் சூடு வெளியே வரத் திணறியது, கிளாக்கைக் குறைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2024-ல் 9800எக்ஸ்3டி-யில் அப்படியே தலைகீழாக்கி கேஷைக் கீழே தள்ளிவிட்டார்கள், கூலருக்கும் கோருக்கும் நடுவில் அது இப்போது இல்லை, கிளாக் 5.2 வரை போகிறது. எனக்கு இது எந்த நானோமீட்டர் அறிவிப்பையும் விடச் சுவாரசியமான விஷயம்.

இன்னொன்று. கேஷ் செல் இப்போதெல்லாம் முன்போலச் சிறிதாவதில்லை. சில்லு தயாரிக்கும் டிஎஸ்எம்சி-யின் என்3இ-யில் (ஒரு 3 நானோமீட்டர் முறை) எஸ்ராம் செல், அதாவது கேஷ் செல், 0.021 சதுர மைக்ரோமீட்டர், 5 நானோமீட்டரிலும் அதே அளவுதான். விலை அதிகமான புதிய வேஃபரில் (சில்லுகளை உருவாக்கும் சிலிக்கான் தட்டு) அதைப் போட்டு என்ன லாபம்? அதனால்தான் சிப்லெட் என்று துண்டு போடுகிறார்கள். ரைசன் 7000-ல் கோர்கள் 5 நானோமீட்டர், வெளியே தரவு அனுப்பி வாங்கும் ஐ/ஓ பகுதி 6 நானோமீட்டர். அடுத்த பத்து வருடமும் இப்படித் துண்டு போடுவதும் அடுக்குவதும்தான் என்பது என் கணக்கு.

மொட்டைமாடி:
2 நானோமீட்டர் சில்லில் எதுவுமே 2 நானோமீட்டர் கிடையாது ப்ரோ, வெறும் பெயர். 3 நானோமீட்டரிலேயே கேட்டுக்குக் கேட் (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பகுதி) இடைவெளி 40 நானோமீட்டருக்கு மேல். 2 நானோமீட்டரில் உண்மையான மாற்றம் என்னவென்றால் கரண்ட் ஓடும் சேனலை நாலு பக்கமும் கேட் சுற்றிக்கொள்கிறது, கசிவு குறையும். டிஎஸ்எம்சி தானே சொல்லிக்கொண்ட கணக்கு, 3 நானோமீட்டரை விட அதே மின்சாரத்தில் 10 முதல் 15 சதவீதம் வேகம். இதற்காகவா காத்திருப்பீர்கள்? அப்புறம் லேப்டாப் பக்கம் போனால் என்பியு (ஏஐ வேலைக்கான தனிப் பகுதி) ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள், ஜிசிசி கம்பைலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பழையபெட்டி:
எல்லோருக்கும் நன்றி. சரி, அப்படியென்றால் 16 கோர் எடுத்தால் பில்ட் நாலு மடங்கு வேகமாகுமா? எங்கள் பில்டில் கடைசி லிங்க் கட்டம் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைப்பது) ஒரே கோரில்தான் ஓடுகிறது, கோர்களின் வேலையைக் காட்டும் டாப் நிரலைத் திறந்து பார்த்தால் மற்ற மூன்றும் தூங்குகின்றன.

ஹீட்சிங்க்:
ஆகாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன விஷயம் இது. மொத்த வேலையில் 10 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால் ஒரு கோரை விட நாலு கோர் 3.1 மடங்கு, 16 கோர் 6.4 மடங்கு. அதாவது நாலிலிருந்து 16-க்குத் தாவினால் கிடைப்பது இரண்டு மடங்குதான், புதிய கோரின் சொந்த வேகம் தனி. அதனால் பணத்தை எடுப்பதற்கு முன் இன்றைக்கே லிங்கரை மாற்றிப் பாருங்கள். எல்எல்டி அல்லது மோல்ட், இரண்டுமே பல கோரில் ஓடும், காசும் கிடையாது. அதற்கு அப்புறமும் 16 கோர்தான் வேண்டும் என்றால் ராமை 32 ஜிபிக்குக் குறைக்காதீர்கள், டெம்ப்ளேட் நிறைந்த கோப்புகள் 16 ஒரே சமயத்தில் கம்பைல் ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஜிபியைச் சாதாரணமாகத் தின்னும்.