துப்பறியும் மூதாட்டியின் கதையில் நாய்க்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம்?

கேள்வி: கதைசொல்லி

வணக்கம். கோஸி வகை மர்ம நாவல், அதாவது ரத்தமும் வன்முறையும் அதிகம் காட்டாமல் சாதாரண மனிதர் ஒருவர் துப்பறியும் கதை ஒன்றை எழுதிவருகிறேன். கதைநாயகி 68 வயதான ஓய்வுபெற்ற நூலகர். தனியாக வசிப்பவர், துணைக்கு மணி என்ற ஒன்பது வயது நாய் மட்டும் உண்டு. எதிர்வீட்டில் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் தம் பட்டறையில் இறந்து கிடக்கிறார். மாரடைப்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட, நாயகிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் மணி தோட்டத்து மண்ணைத் தோண்டிக் கையுறை ஒன்றைக் கவ்விக்கொண்டு வருகிறது. அதை வைத்து, இறந்தவரின் தங்கை மகன்தான் அவருக்கு நஞ்சு கொடுத்தவன் என்பதை நாயகி கண்டுபிடித்துவிடுகிறார்.

கைப்பிரதியைப் படித்த நண்பர்கள் இருவரும் சொல்லிவைத்தாற்போல ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கொலைகாரனை நாயே பிடித்துவிட்டதே, இதில் பாட்டிக்கு என்ன வேலை?" நாயின் பங்கைக் குறைத்துப் பார்த்தேன், அப்போது அது நாயகியின் காலடியில் படுத்திருக்கும் அலங்காரப் பொருளாகிவிடுகிறது. நாயகியின் அறிவுக்கு இழுக்கு வராமல், நாயை எந்த அளவுக்குத் துப்பறிய விடலாம்?

மறுமொழி: பழைய மர்ம வாசகர்

உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான். தற்செயல் நிகழ்வு ஒன்று நாயகியைச் சிக்கலில் மாட்டிவிட்டால் வாசகர் பொறுத்துக்கொள்வார்; அதே தற்செயல் சிக்கலை அவிழ்த்துக் கொடுத்தால் பொறுக்கமாட்டார். கையுறை அந்த இரண்டாம் வகை.

ஆர்தர் கானன் டாயில் 1892இல் வெளியிட்ட 'சில்வர் பிளேஸ்' கதையில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. இரவில் பந்தயக் குதிரை லாயத்திலிருந்து வெளியே கொண்டுபோகப்படுகிறது. லாயத்தில் நாய் இருந்தும், பரணில் உறங்கிய பையன்கள் விழித்துக்கொள்ளும் அளவுக்கு அது குரைக்கவில்லை. அப்படியானால் வந்தவர் நாய்க்குப் பழக்கமானவர் என்று ஹோம்ஸ் முடிவுக்கு வருகிறார். அந்த நாய் எதையும் தோண்டவில்லை, யாரையும் துரத்தவில்லை, சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருந்ததற்குப் பொருள் கண்டது மனித மூளை.

உங்கள் கதைக்கும் இதே வழியில் ஒன்று சொல்கிறேன். தங்கை மகன் இந்த ஊருக்கே இப்போதுதான் முதன்முறையாக வருவதாகச் சொல்லட்டும். துக்கம் விசாரிக்கப் போகும் நாயகியுடன் செல்லும் மணி, நேராக அவனிடம் போய், கால்சட்டையின் இடப்பக்கப் பையை முகர்ந்துவிட்டு, அவன் எதிரே உட்கார்ந்து காத்திருக்கட்டும். எந்தப் பையிலிருந்து தின்பண்டம் கிடைத்ததோ அந்தப் பையின் எதிரில்தான் மணி அப்படி உட்காரும் என்பதை இரண்டாம் அத்தியாயத்திலேயே, தபால்காரர் வரும் காட்சியில், நீங்கள் காட்டியிருக்க வேண்டும். நாய் தன் வழக்கத்தைச் செய்கிறது. "இவன் இதற்கு முன் இங்கு வந்திருக்கிறான்" என்ற முடிவை எட்டுபவர் நாயகி.

மறுமொழி: நாய்களோடு வாழ்பவர்

கதைநுட்பம் எனக்குத் தெரியாது, நாயைப் பற்றிச் சில செய்திகள் சொல்லலாம். மனித மூக்கில் மோப்ப உணர்விகள் சுமார் 60 லட்சம் என்றால், சில நாய் இனங்களில் அவை 30 கோடி வரை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நிறத்தில் மட்டும் அது நம்மிடம் தோற்கும்: நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. ஆகவே சிவப்புச் சால்வையை நிறத்தால் அடையாளம் கண்டதாக எழுதிவிடாதீர்கள். பெரிய இனமாக இருந்தால் ஒன்பது வயதில் மணியும் மூதாட்டிதான்; படியேறத் தயங்கும், கூப்பிட்டால் சற்றுத் தாமதமாகத் திரும்பும். பார்வையும் செவியும் மங்கிய நாய்கள்கூட மூக்கை நம்பி நடமாடுவதைப் பார்க்கலாம் என்பதால், பையை முகரும் காட்சிக்கு வயது தடையில்லை.

இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. கணக்குப் போடும் குதிரை என்று ஜெர்மனியில் புகழ்பெற்றிருந்த ஹான்ஸை ஆராய்ந்த ஆஸ்கர் புஃபுங்ஸ்ட், கேள்வி கேட்பவரின் தலையசைவு போன்ற நுண்ணிய அசைவுகளைப் பார்த்தே அது விடை சொல்கிறது என்பதை 1907இல் எடுத்துக்காட்டினார். நாயும் நம் உடலை அப்படித்தான் வாசிக்கும். வாரைப் பிடித்த கை இறுகினாலே போதும், எதிரில் வருபவரைப் பார்த்து அது உறுமும். எனவே உங்கள் நாயகிக்குப் பிடிக்காத ஒருவரைப் பார்த்து மணி உறும, அதையே சான்றாக எடுத்துக்கொண்டு அவர் சில அத்தியாயங்கள் தவறான ஆளைச் சந்தேகிக்கலாம். உறுமல் தம் கையிலிருந்தே வாரின் வழியே போனது என்று அவருக்குப் புரியும் இடம் நல்ல திருப்பமாக இருக்கும்.

எது செய்தாலும் நாயைக் கொன்றுவிடாதீர்கள். எத்தனை மனிதர்கள் இறந்தாலும் கவலைப்படாத இந்த வகை வாசகர்கள், நாய் இறந்தால் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

மறுமொழி: மூன்றாம் வரிசை

நாயைப் பற்றியே பேசுகிறோம். கோளாறு மூதாட்டியிடம் இருப்பதாக நினைக்கிறேன். இவர் 30 வயதுக்காரராக இருந்தால் உங்கள் கதையில் என்ன மாறும்? ஒன்றும் மாறாது என்றால், வயது வெறும் ஒப்பனை.

எழுத்தாளர் அன்னா கேத்தரின் கிரீன் 1897இல் அமீலியா பட்டர்வொர்த் என்ற துப்பறியும் பெண்மணியை உருவாக்கியதும், அகதா கிறிஸ்டி 1927இல் ஒரு சிறுகதையின் வழியாக மிஸ் மார்ப்பிள் என்ற துப்பறியும் மூதாட்டியை அறிமுகப்படுத்தியதும் ஒரே சமூக வழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான்: வயதான பெண் அருகில் இருக்கும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. நாய் அந்த வசதியைப் பெருக்கிக் கொடுக்கிறது. ஒரே தெருவில், ஒரே நேரத்தில், நாள்தோறும் இரண்டு முறை நடக்கிறவரை ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று எவரும் கேட்கமாட்டார்கள். நாய் ஒரு கம்பத்தடியில் நின்றால் அவரும் நிற்கலாம். எதிர்வீட்டுப் பட்டறையில் விளக்கு வழக்கமாக எத்தனை மணிக்கு அணையும் என்பது அவருக்கு முயற்சியின்றியே தெரிந்திருக்கும். முன்பின் தெரியாதவர்கள்கூட முதலில் நாயிடம் பேசிவிட்டுப் பிறகு அவரிடம் பேசுவார்கள். நாய் கண்டுபிடித்துத் தருவதைவிட, நாயோடு நடப்பதால் அவர் பார்க்கக் கிடைப்பது எவ்வளவோ அதிகம்.

கால்சட்டைப் பை யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது. துக்க வீட்டில் நாய் இப்படி நடந்துகொண்டதற்காக நாயகி கூச்சப்பட்டு, மணியை அதட்டி, அந்த இளைஞனிடம் மன்னிப்புக் கேட்டு, வாரை இழுத்துக்கொண்டு வெளியேறட்டும். வாசகர் சிரித்துவிட்டுக் கடந்துபோவார். சிரித்த இடத்தில் துப்பு இருக்கும் என்று பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை.

கதைசொல்லி

மூவருக்கும் நன்றி. கையுறையை எடுத்துவிடுகிறேன். ஒரு சந்தேகம்: நாய் ஒரு பையின் எதிரே உட்கார்ந்தது என்பதை எந்தக் காவல் அதிகாரி சான்றாக ஏற்றுக்கொள்வார்?

பழைய மர்ம வாசகர்

ஏற்கமாட்டார், நாயகியும் அதை அவரிடம் சொல்லக்கூடாது. தங்கை மகன் பொய் சொல்கிறான் என்று நாயகிக்குத் தெரிந்துவிட்டது. இனி அந்தப் பொய்யை அவன் வாயாலேயே உடைக்கவைக்க வேண்டும். பட்டறையின் பின்கதவுத் தாழ்ப்பாளை மேலே தூக்கி இழுத்தால்தான் திறக்கும் என்பது அங்கு வந்து பழகியவர்களுக்கு மட்டுமே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரியும் உடனிருக்கும் நேரத்தில், மணி உள்ளே மாட்டிக்கொண்டதாகச் சொல்லி, கதவைத் திறக்க அவனிடம் உதவி கேட்கட்டும். அவன் யோசிக்காமல் தாழ்ப்பாளைத் தூக்குவான். கொலையை அது நிரூபிக்காது. ஆனால் மாரடைப்பு என்று மூடிய கோப்பை மீண்டும் திறந்து, நஞ்சுக்கான பரிசோதனைக்கு உத்தரவிட அதிகாரிக்கு அது போதும். தாழ்ப்பாளின் கோளாறை மட்டும் மூன்றாம் அத்தியாயத்துக்குள் எங்காவது வேறு காரணத்துக்காகச் சொல்லிவையுங்கள்.