கோத்தகிரி மழையில் நெட் போனாலும் ஓடுற ஏஐ மாடல்: 16 ஜிபி ராம் போதுமா?

தேயிலைச்சரிவு:
வீட்டிலிருந்தே பைத்தான், ஜாவா வேலை. ஐப்பசி மழை பிடிச்சா கேபிள் எப்ப அறும்னு சொல்ல முடியாது. கோடு எழுத உதவிக்கும், இது உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு நோண்டிப் பார்க்கவும் லேப்டாப்பிலேயே ஒரு மாடல் வேணும். டிடிஆர்4-3200 ராம், 16 ஜிபி ஒரே ஸ்டிக், தனி ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) இல்லை. ஒல்லாமாவில் (மாடலை நம்ம மெஷினிலேயே ஓட்டுற மென்பொருள்) லாமா 3.1 8பி, அதாவது 8 பில்லியன் அளவுரு மாடல், போட்டா எறும்பு ஊர்ற வேகம். நீளமான ஃபைலைக் கொடுத்தா மேல்பாதியைப் படிக்காத மாதிரி பதில் வருது. புது லேப்டாப்தான் வழியா?

பிட்மாற்றி:
புதுசு வேண்டாம், முதல்ல இரண்டாவது ராம் ஸ்லாட் காலியா இருக்கான்னு பாருங்க. லாமா 8பி மாதிரி மாடலில் ஒவ்வொரு டோக்கனுக்கும் (மாடல் எழுதுற வார்த்தைத் துண்டு) எல்லா வெயிட்டையும் (மாடலுக்குள்ளே இருக்கிற அளவுரு எண்கள்) ராமிலிருந்து ஒருமுறை படிச்சாகணும். அதோட க்யூ4_கே_எம் ஃபைல் (எண்களை ஏறக்குறைய 4 பிட்டுக்குச் சுருக்கினது) ஏறக்குறைய 4.9 ஜிபி. ஒரே ஸ்டிக்னா ஒற்றைச் சேனல் (ராமுக்கும் ப்ராசஸருக்கும் ஒரே பாதை), நொடிக்கு 25.6 ஜிபிதான் வரும்; வகுத்தா உச்சமே நொடிக்கு 5 டோக்கன், கைக்கு வர்றது அதுக்கும் கீழே. அதே வேகத்தில் இன்னொரு 16 ஜிபி போட்டா டூயல் சேனல், நொடிக்கு 51.2 ஜிபி. ப்ராசஸரை மாத்தினாலும் இவ்வளவு வித்தியாசம் வராது.

32 ஜிபி ஆனதும் குவென்3 30பி-ஏ3பி மாடலை ஓட்டிப் பாருங்க. 4-பிட்டில் 18-19 ஜிபி இடம் பிடிக்கும், ஆனா ஒரு டோக்கனுக்கு மொத்தமும் இல்லாம 3.3 பில்லியன் அளவுருதான் இயங்கும். அதனால உங்க 8பியை விட வேகமாவே ஓடும்.

த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடுற வேலை இழை) எண்ணிக்கை ப்ராசஸரின் ஃபிசிக்கல் கோர் அளவுக்கு மேல வேண்டாம். சார்ஜரைக் கழட்டினா ப்ராசஸருக்குப் போற பவர் குறையும், வேகமும் இறங்கும். கரண்ட் கட் நேரத்தில் அளந்து பார்த்துட்டு மாடலைத் திட்டாதீங்க.

குன்னூர்_டெர்மினல்:
மேல்பாதி காணாமப் போறதுக்கு ராம் காரணமில்லை. ஒல்லாமா தானா வைக்கிற கான்டெக்ஸ்ட் (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கிற டோக்கன் அளவு) சின்னது. மீறினா எர்ரர் காட்டாம வெட்டிடும். அந்த அளவை வைக்கிற நம்_சிடிஎக்ஸ் அமைப்பில் 8192 கொடுங்க. லாமா 3.1 8பிக்கு டோக்கனுக்கு 128 கேபி கேவி கேஷ் (படிச்சதை நினைவில் வைக்கிற ராம் இடம்), ஆக 1 ஜிபி கூடுதல். ஆசைப்பட்டு 32768 வச்சா 4 ஜிபி. ஐடிஇயும் (கோடு எழுதுற மென்பொருள்) ப்ரவுசரும் திறந்திருந்தா ராம் பத்தாம ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்குக்குப் போய் எல்லாமே படுத்துடும்.

கோடு வேலைக்கு மட்டும்னா குவென்2.5 கோடர் 7பி நல்லது. அதுக்கு டோக்கனுக்கு 56 கேபிதான்.

இன்னொண்ணு: முதல் வார்த்தை வர்றதுக்கு முன்னாடி இருக்கிற காத்திருப்பு வேற கணக்கு. அது ப்ராசஸர் வேலை, ராம் ஸ்டிக் பெருசா உதவாது. முழு ஃபைலையும் ஒட்டாம, வேண்டிய ஃபங்ஷனை மட்டும் கொடுங்க. மாறாத பகுதியை எப்பவும் மேலேயே வைங்க, கேஷ் மறுபடி பயன்படும். தமிழ்க் கமென்ட் நிறைய இருந்தா டோக்கன் வேகமாத் தீரும். யுடிஎஃப்-8இல் (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற முறை) ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், 'கோ'வுக்கு 6.

தேயிலைச்சரிவு:
ஸ்லாட் காலியா இருக்கு. 18 ஜிபியை இந்த லைனில் எப்படி இறக்குறது?

மஞ்சூர்ப்பனி:
ப்ரவுசரில் வேண்டாம். டெர்மினலில் டபிள்யூகெட் -சி கட்டளை போடுங்க, அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிஞ்சதும் ஷா256 (ஃபைல் சரியா வந்திருக்கான்னு காட்டுற கைரேகை எண்) ஒப்பிடுங்க. சிதைஞ்ச ஃபைல் சில சமயம் லோடு ஆகி உளறும்.

அந்த உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு மெலிசு. குளிர் அதை ஈடுகட்டும், மெத்தை மேல வச்சா ஈடுகட்டாது. ராத்திரி காரில் குளிர்ந்து கிடந்த மெஷினைக் கணப்பு எரியற அறையில் உடனே ஆன் பண்ணாதீங்க, உள்ளே நீர் கோக்கும். அறைச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் பையை மூடியே வைங்க.

பைத்தான் ஆவணங்களையும் ஆஃப்லைனா இறக்கி வச்சுக்குங்க. இந்த அளவு மாடல்கள் இல்லாத ஃபங்ஷன் பெயரைக் கூசாம எழுதும், நெட் இல்லாதப்ப சரிபார்க்க அது கைகொடுக்கும்.