மிரளாத மீன்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூச்சடக்கி மூழ்கி ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பது இங்கே தொற்றிக்கொண்ட பழக்கம். இங்குள்ள கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப்பாறைக் கடல் பூங்காவில் அதற்கு அனுமதி உண்டு என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. வரைபடத்தில் நீல மண்டலம் என்றால் பிடிக்கலாம்; பச்சை என்றால் எதையும் தொடக் கூடாது. 2004 முதல் பூங்காவில் மூன்றில் ஒரு பங்கு பச்சை. முதுகில் காற்று உருளையோடு ஈட்டி விடுவது எந்த நிறத்திலும் குற்றம்.

வரைபடத்தில் இருக்கும் கோடு தண்ணீரில் இல்லை, அதுதான் வம்பு.

போன ஆகஸ்டில் பச்சை எல்லைக்கு வெளியேதான் நங்கூரம் போட்டோம். நண்பர் படகில், நான் நீரில். நீரோட்டம் இழுத்ததை நான் கவனிக்கவில்லை. பவளப்பாறை இடுக்கில் ஒரு கோரல் டிரவுட். நம் களவாவுக்கு உறவு, சிவந்த உடலெங்கும் நீலப் புள்ளிகள். என் நிழல் விழுந்தாலே உள்ளே நழுவிவிடும் இனம். இதுவோ வெளியே வந்து, துடுப்பை மெல்ல அசைத்தபடி என்னை வேடிக்கை பார்த்தது. விசையில் விரல் வைத்த பிறகுதான் உறைத்தது: இது ஈட்டியையே பார்த்திராத மீன்.

மேலே வந்து கையசைத்தேன். நண்பர் படகோடு வந்தார். ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால், எல்லைக்குள் இருநூறு மீட்டர்! துப்பாக்கியின் ரப்பரைக் கழற்றி, கம்பியை உருவி, எல்லாவற்றையும் கட்டி வைத்தோம். பச்சைக்குள் படகு போகலாம், கருவிதான் பயன்பாட்டில் இருக்கக் கூடாது. திரும்பும் வழியில் ரோந்துப் படகு நிறுத்தியது. காலையில் நீலத்தில் பிடித்த மீனை அளந்தார்கள். 38 சென்டிமீட்டர் இருந்தால் போதும்; 41 இருந்தது.

---

(இதைப் படித்த இன்னொரு ஈட்டிக்காரரின் பதில்:) உங்களுக்குப் பச்சை, எனக்கு மஞ்சள். விட்சண்டே தீவுகள் பக்கம் ஒரு மஞ்சள் மண்டலத்தில் சிலர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தூண்டில் செல்லும் இடத்தில் ஈட்டியும் செல்லும் என்று இறங்கிவிட்டேன். மஞ்சளில் பொதுவாகச் செல்லும்தான். ஆனால் அங்கே சில இடங்களைப் பொதுமக்கள் கண்டு களிப்பதற்கென்று தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் தூண்டில் போடலாம், ஈட்டி கூடாது. தூண்டில்காரப் பெரியவர் ஒருவர் கத்திக் கூப்பிட்டுக் கரையேற்றினார். போகும்போது தான் பிடித்ததில் ஒன்றைக் கையில் கொடுத்தார். அன்றைக்குக் குழம்பு அதுதான்.