இன்சுலின் அளவு மாறவில்லை, சுகர் மட்டும் 65க்கும் 290க்கும் தாவுகிறது. ஏன்?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 64 வயது, டைப் 2 சுகர் வந்து 17 வருடம். 30/70 மிக்ஸ் இன்சுலின் (30% வேகமாக, 70% மெதுவாக வேலை செய்வது), காலை 22 யூனிட், இரவு 14. கூடவே மெட்ஃபார்மின், வோக்லிபோஸ். இன்சுலின் பாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் வாங்குகிறோம். சிரிஞ்ச் அங்கே தீர்ந்துபோனால் வெளியே மெடிக்கலில். வெறும் வயிற்றில் சில வாரம் 65–80, சில வாரம் 270–290. சாப்பாடு பெரிதாக மாறவில்லை. தொப்புளுக்கு இடப்பக்கம் எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம், வலி கிடையாது. செமாக்ளூடைட், டிர்செபடைட் என்று வாரம் ஒரு ஊசி போட்டால் இன்சுலினே வேண்டாம் என்கிறார்கள். அதைக் கேட்பதா, இன்சுலினைக் கூட்டச் சொல்வதா?

மருந்துமேசை:
அந்த இரண்டு கேள்வியையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள் தம்பி. முதலில் சிரிஞ்ச் மூடியைப் பாருங்கள்.

நம் ஊரில் பாட்டிலில் வரும் மிக்ஸ் இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுக்குள் போடும் மருந்துக் குழாய், அதாவது கார்ட்ரிட்ஜ், 100 யூனிட். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு. 40 பாட்டிலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சை விட்டு 22 கோடு இழுத்தால் வருவது 0.22 மில்லி, அதாவது 8.8 யூனிட்தான். இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து: பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 22 கோடு இழுத்தால் 55 யூனிட் உள்ளே போய்விடும். கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தவே கூடாது. பாட்டில் லேபிளில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் அச்சடித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் "சுகர் ஊசி" என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததைக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது அந்த வீக்கம். ஒரே இடத்தில் குத்திக் குத்தி வந்த கொழுப்புக் கட்டியாக இருக்கத்தான் வாய்ப்பு. டாக்டர் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். அங்கே வலிக்காது என்பதாலேயே கை மறுபடி அங்கேதான் போகும். அதில் போட்ட மருந்து ஒருநாள் தேங்கி நிற்கும், ஒருநாள் வேகமாக இறங்கும். விரலில் சோப்புத் தண்ணீர் தடவி வயிற்றை மெல்ல நீவினால் கண்ணுக்குத் தெரியாத கட்டிகளும் ரப்பர் மாதிரித் தட்டுப்படும். எழுதும் பேனாவால் ஓரத்தை வட்டமிட்டுக்கொண்டு அதற்குள் ஊசி போடாதீர்கள். ஒத்தடமும் தேய்ப்பும் வேண்டாம், விட்டுவைத்தால் மாதக் கணக்கில் தானே அமுங்கும். வயிற்றை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பகுதி, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி, தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விடுங்கள். ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் கட்டியை வளர்க்கும்.

வெள்ளைக்குப்பி:
மிக்ஸ் இன்சுலினில் இன்னொரு சிக்கல், கலக்குவது. அடியில் வெள்ளையாகத் தங்குவது மெதுவாக வேலை செய்யும் பகுதி. உள்ளங்கைகளுக்கு நடுவே 10 தடவை உருட்டி, 10 தடவை தலைகீழாகச் சாய்த்து, முழுக்கப் பால் நிறமான பிறகே இழுக்க வேண்டும். குலுக்கினால் நுரைதான் வரும், அளவு தப்பும். கண்ணாடியில் பொடி ஒட்டியிருந்தாலோ கட்டி மிதந்தாலோ அந்தப் பாட்டில் வேண்டாம். ஃப்ரீசர் பக்கம் வைத்து உறைந்ததாக இருக்கும். திறக்காதது 2–8 டிகிரியில். திறந்ததை 30 டிகிரிக்குக் கீழே 4 வாரம்வரை வைக்கலாம். சித்திரை வெயிலில் அலமாரிக்குள்ளேயே 35 தாண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டி, இடையே ஈர மணல், மேலே ஈரத்துணி.

வோக்லிபோஸ் என்று எழுதியிருப்பதால் இது முக்கியம். 70க்குக் கீழே போனால் சர்க்கரைத் தண்ணீர் சட்டென்று கைகொடுக்காது. அந்த மாத்திரை, சீனி குளுக்கோஸாக உடைவதையே தடுக்கிறது. மெடிக்கலில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர் 15 கிராம், 3 டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

கண்_கிட்னி:
வார ஊசி பற்றி. நல்ல மருந்துகள்தான், ஆனால் "இன்சுலினுக்குப் பதில்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. 17 வருடத்தில் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்று சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால் ஓரளவு தெரியும். சுரப்பு வறண்டவருக்கு இன்சுலினை நிறுத்தினால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறி ஐசியூவில்தான் முடியும். சேர்த்துப் போடலாம், அப்போது இன்சுலின் தேவை குறையலாம்.

தொடங்குமுன் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். 2016ல் வந்த செமாக்ளூடைட் ஆய்வில், ஏற்கெனவே விழித்திரைப் பாதிப்பு உள்ள சிலருக்குச் சுகர் வேகமாக இறங்கியதும் கண் மோசமானது. கணைய அழற்சி வந்தவரா, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உண்டா என்பதையும் சொல்லுங்கள். செமாக்ளூடைட் 0.25 மி.கி.யில் 4 வாரம், பிறகு 0.5, டிர்செபடைட் 2.5ல் 4 வாரம், பிறகு 5. அவசரப்பட்டு ஏற்றினால் வாந்திதான். விளம்பரம் பார்த்து வாங்குகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். "கிளிப்டின்" என்று முடியும் மாத்திரை ஓடினால் நிறுத்தச் சொல்வார்கள், இரண்டும் சேர்வதில் லாபமில்லை.

என்னைக் கேட்டால், முதலில் சிறுநீர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதமும் (புரதம் கசிகிறதா என்று காட்டுவது) இ-ஜிஎஃப்ஆரும் (கிட்னி வடிகட்டும் திறன்) பாருங்கள். கிட்னியில் கசிவு இருந்தால் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரை பற்றிக் கேட்கலாம். 2020ல் இந்தியாவில் காப்புரிமை முடிந்தபின் மலிவாகிவிட்டது. வாந்தி, பட்டினி நாளில் அதை நிறுத்த வேண்டும். இன்சுலின் குறைவாகப் போய்க்கொண்டிருக்கும்போது அதைத் தொடங்கினால், மீட்டரில் 180 காட்டும்போதே கீட்டோன் ஏறிவிடும். ஆகவே மூடி நிறம் முதலில்.

வைகைக்கரை:
பார்த்தேன். பாட்டிலில் 40 என்று இருக்கிறது. ஆஸ்பத்திரி சிரிஞ்ச் சிவப்பு மூடி. மெடிக்கலில் வாங்கிய பெட்டி முழுக்க ஆரஞ்சு. 290 வந்தது எல்லாம் ஆரஞ்சு வாரங்கள். இன்று இரவே சிவப்பில், கட்டி இல்லாத வலப்பக்கம் 14 போட்டுவிடட்டுமா?

மருந்துமேசை:
போடுமுன் டாக்டருக்கு ஒரு போன். சிவப்பு மூடியில், கட்டிக்குள் போட்டபோதே 65 வந்திருக்கிறது. நல்ல தோலில் அதே 14 இன்னும் நன்றாக ஏறும். இடம் மாற்றும்போது அளவைக் குறைத்துத் தொடங்கச் சொல்வது வழக்கம்; எவ்வளவு என்று அவர்தான் சொல்ல வேண்டும். "சீட்டில் 14, ஆரஞ்சில் உண்மையில் போனது 5.6, சிவப்பில் 14 முழுதாக, கட்டியில்" என்று மூன்றையும் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குப் படுக்கும் முன்பும் விடியற்காலை 3 மணிக்கும் சுகர் பாருங்கள். ஆரஞ்சுப் பெட்டியை வீட்டில் வைக்காதீர்கள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் யாராவது எடுத்துவிடுவார்கள்.