சன்ஸ் ஆஃப் அனார்க்கி 5ஆம் எபிசோடு: முதுகில் இருக்கும் பச்சைக்கு ஏன் இவ்வளவு கொடூரம்?

இரவுப்பறவை:
நண்பர்களே, சார்மிங் என்ற ஊரில் இயங்கும் பைக் கிளப்பைப் பற்றிய இந்த அமெரிக்கத் தொடரின் முதல் சீசனை இப்போதுதான் பார்க்கிறேன். 5ஆம் எபிசோடில் ஒரு சந்தேகம். கிளப்பிலிருந்து துரத்தப்பட்ட கைல் ஊருக்கு வருகிறான். முதலில் நட்பாகத்தான் பேசுகிறார்கள். அப்புறம் சட்டையைக் கழற்றச் சொன்னால், முதுகு முழுக்கப் பச்சை குத்திய கிளப் சின்னம். "நெருப்பா, கத்தியா?" என்று கிளப் ஆளான டிக் கேட்கிறான். "நெருப்பு" என்கிறான் கைல். அதற்கு மேல் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. கிளப் நண்பன் ஓப்பியை மாட்டிவிட்டு ஓடியதற்குத்தான் கோபம் என்றால் நாலு சாத்து சாத்தி அனுப்பலாமே? பச்சையை எதற்கு எரிக்க வேண்டும்? சார்மிங் போலீஸ் என்னதான் செய்கிறது? பின்னால் வரும் கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பழைய புல்லட்:
தம்பி, இதில் இரண்டு கணக்கு இருக்கிறது. வண்டியோடு காத்திருக்க வேண்டியவன் போலீஸ் வருகிறது என்றதும் கம்பி நீட்டினான், ஓப்பி 5 வருடம் உள்ளே போனான். அதற்காகத்தான் கைலை விலக்கினார்கள். அது பழைய கணக்கு. விலக்கப்பட்டவன் பச்சையைக் கருப்பு மையால் மூடியிருக்க வேண்டும். கைல் அதைச் செய்யவில்லை. அதுதான் இப்போது தீர்க்கிற கணக்கு.

அந்தச் சின்னத்தை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். எலும்புக்கூடு எமன், கையில் அரிவாள், அரிவாளின் பிடி எம்-16 துப்பாக்கி. இன்னொரு கையில் 'ஏ' பொறித்த உருண்டை. அவர்கள் போடும் கையில்லாத தோல் சட்டையின் முதுகிலும் இதேதான். சட்டையைப் பிடுங்கிக்கொள்ளலாம், தோலை எப்படிப் பிடுங்குவது?

போலீஸ் விஷயம் எளிது. தலைமை அதிகாரி அன்சர், கிளப் தலைவன் க்ளேயின் பழைய கூட்டாளி. பெரிய போதை வியாபாரம் ஊருக்குள் வராமல் கிளப் பார்த்துக்கொள்ளும், அவர் வேறு பக்கம் பார்ப்பார். துணை அதிகாரி ஹேலுக்கு இது பிடிக்கவில்லை. அவர் மேல் ஒரு கண் வையுங்கள்.

மீனா:
அண்ணா சொல்வது சரி. நிஜ கிளப்புகளிலும் நல்ல பெயரோடு விலகினால் பச்சையை வைத்துக்கொள்ளலாம், சில இடங்களில் விலகிய தேதியைப் பக்கத்தில் குத்திக்கொள்வார்கள். கெட்ட பெயரோடு போனால் மூடியாக வேண்டும். தொடருக்கு ஆலோசனை சொன்ன டேவிட் லப்ராவா, ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற நிஜ பைக் கிளப்பில் இருந்தவர். தொடரில் ஹேப்பி என்ற பாத்திரத்தில் நடித்தவரும் அவரேதான்.

அமெரிக்க அரசுக்கே இப்படிப்பட்ட கிளப் சின்னங்களின் மேல் கண் இருந்தது. இந்த எபிசோடு வந்த அதே 2008 அக்டோபரில் மங்கோல்ஸ் என்ற நிஜ பைக் கிளப்பின் ஆட்களை வளைத்துப் பிடித்தார்கள். பிறகு அதன் சின்னத்தின் வர்த்தக உரிமையையே பறிக்க வழக்கு நடத்தினார்கள். 2019இல் ஜூரி அரசுப் பக்கம் நின்றது. பேச்சுரிமையைக் காட்டி நீதிபதி மறுத்துவிட்டார்.

குருவி:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விதி, விதி என்று க்ளே ஆட்கள் சொல்லும் சாக்கை நாமும் அப்படியே வாங்கிக்கொள்கிறோம். பார்வையாளரைக் கிளப் மேல் ஆசைப்படவைத்துவிட்டு, ஐந்தாவது வாரத்தில் கன்னத்தில் அறைகிறார்கள், அவ்வளவுதான். கிளப்பின் துணைத் தலைவன் ஜாக்ஸின் அப்பா எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். கிளப் தடம் மாறிவிட்டது என்பதுதானே அதன் சாரம்?

இரவுப்பறவை:
இப்போது புரிகிறது, நன்றி. ஒரே ஒரு கேள்வி பாக்கி. கைல் ஏன் நெருப்பைத் தேர்ந்தெடுத்தான்? கத்தியைவிட அது மேலா?

பழைய புல்லட்:
கத்தி என்றால் முதுகுத் தோலைச் சீவி எடுப்பார்கள், தம்பி. இரண்டும் நரகம்தான். சாப்பிட்டுக்கொண்டே இந்தத் தொடரைப் பார்க்காதீர்கள்.