தேய்பிறையா, தேய்ப்பிறையா?

கோபி தமிழம்மா:
காலையில் வாசலில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. 'தேய்ப்பிறை அஷ்டமி பைரவர் பூஜை' என்று கொட்டை எழுத்தில். நேற்று இங்கே செல்வம் தம்பி 'தேய்ப்பிறைதான் சரி, ப் இல்லாமல் எழுதுவது பேச்சு வழக்கு' என்று அடித்துச் சொல்லியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நிலா தானாகத் தேய்கிறது தம்பி, யாரும் பிடித்துத் தேய்க்கவில்லை. தேய்ந்த பிறை, தேய்கிற பிறை, தேயும் பிறை, மூன்றும் சேர்ந்ததுதான் தேய்பிறை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்றா எழுதுகிறீர்கள்?

அச்சகம் செல்வம்:
அந்த நோட்டீஸ் நான் அடித்ததுதான். 22 வருஷமாக இதே தொழில். தாய்ப்பால், நாய்க்குட்டி, பேய்க்கதை என்று ய்க்கு அப்புறம் ஒற்று வருகிறதே, அதெல்லாம் தப்பா? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் அம்மா, 'தேய்ப்பிறை' என்றுதான் நாக்கு அழுத்துகிறது.

கோபி தமிழம்மா:
தாய், நாய், பேய் எல்லாம் பெயர். தேய் வினை. செய்தொழில் என்பதைச் செய்த்தொழில் என்று அச்சடிப்பீர்களா? கல்யாணப் பத்திரிகையில் 'வளர்பிறை முகூர்த்தம்' என்று போடுகிறீர்களே, அங்கே ப் எங்கே போனது?

அச்சகம் செல்வம்:
அது ர். இது ய். ரெண்டும் ஒன்றா? 'தேய்ப்புப் பெட்டி' என்று எல்லோரும் எழுதுகிறோம். பெட்டிக்கு ப் வரலாம், பிறைக்கு வரக்கூடாதா?

கோபி தமிழம்மா:
தேய்ப்பு என்பது தொழிற்பெயர். அதைத்தான் வைப்பேன் என்றால் 'தேய்ப்புப் பிறை' என்று முழுசாக எழுதுங்கள். பாதியை முழுங்கிவிட்டு ப்பை மட்டும் பிடித்துத் தொங்கக்கூடாது.

யாழ் நிலா:
இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். தேய்ப்புப் பெட்டி என்றால் ஸ்திரிக்கையா? நாங்கள் உடுப்பு மினுக்குவோம். 'சட்டையைத் தேய்த்தேன்' என்றால் சட்டை நைந்துபோனதாகத்தான் எனக்குப் படுகிறது.

நெல்லை வாசகன்:
எங்கள் பக்கம் மினுக்குவது முகத்தைத்தான். சட்டையைத் தேய்ப்போம்.

யாழ் நிலா:
அப்படியென்றால் எங்கள் சொல் பிழையா? ஒவ்வொரு முறையும் இதே கதைதான். தமிழ்நாட்டில் இல்லாவிட்டால் அது தமிழே இல்லை!

நெல்லை வாசகன்:
பிழை என்று நான் எங்கே சொன்னேன்? சரி, விஷயத்துக்கு வருவோம். வள்ளுவரே இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார். 567-வது குறளில் 'அடுமுரண் தேய்க்கும் அரம்'. அரம் தேய்க்கிறது. 888-ல் 'அரம்பொருத பொன்போலத் தேயும்'. பொன் தேய்கிறது. ஒரே அரம்தான், தேய்ப்பது அது, தேய்வது பொன்.

கோபி தமிழம்மா:
தங்கமான எடுத்துக்காட்டு! செல்வம் தம்பி, கண் திறந்து படியுங்கள். பிறை அரமா, பொன்னா?

அச்சகம் செல்வம்:
ரெண்டு குறளிலும் பிறையே இல்லையே. நான் கேட்டது ப்பைப் பற்றி. நிலவைப் பூமியின் நிழல் தேய்க்கிறது, அதனால் அது தேய்ப்பிறை. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

வான்நோக்கி:
நிழலைக் கொண்டுவராதீர்கள். பூமியின் நிழல் நிலவில் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும். மற்ற நாளில் நிலவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் இருக்கிறது. அது பூமியைச் சுற்றி வரும்போது அந்த வெயில் பாதி நமக்குக் கூடியும் குறைந்தும் தெரிகிறது. பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏறக்குறைய 29½ நாள். தேய்க்க அங்கே யாருமில்லை.

அச்சகம் செல்வம்:
விஞ்ஞானியும் வந்தாச்சு. ப் போட்டால் என்ன தப்பு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கோபி தமிழம்மா:
நாலு தடவை சொல்லியாயிற்று. இன்னொரு தடவையும் சொல்கிறேன். என் மாமியார் காலத்து அம்மி எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், காக்கை வந்து குடிக்கும். அவர் அதில் மிளகாய் அரைத்தார், தேங்காய் அரைத்தார். அம்மியைத் தேய்க்க வேண்டும் என்று ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அம்மி தேய்ந்தது. இன்றைக்கு இவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாமல், வருஷக்கணக்கில் தேய்ந்தது. அந்த மெதுவான தேய்மானம்தான் 'தேய்கிறது' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. 'தேய்க்கிறது' என்றதும் ஒரு கை உள்ளே வந்துவிடும்.

அச்சகம் செல்வம்:
குழவி தேய்த்துத்தானே அம்மி தேய்ந்தது? அப்போ ரெண்டும் ஒன்றுதான்.

கோபி தமிழம்மா:
குழவியைப் பற்றிய வாக்கியமானால் தேய்த்தது. அம்மியைப் பற்றியதானால் தேய்ந்தது. 'செருப்பு தேய்த்துவிட்டது' என்று எழுதிப் பாருங்கள், செருப்பு எதைத் தேய்த்தது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கும்.

நெல்லை வாசகன்:
போன மாசம் 'முந்நூறு' சரி, 'முன்னூறு' தப்பு என்றேன். அன்றைக்கும் செல்வம் அண்ணன் 22 வருஷக் கணக்கைத்தான் சொன்னார்.

அச்சகம் செல்வம்:
அதை ஏன் இப்போ இழுக்கிறீர்கள்? முன்னூறு ரூபாய் என்று ரசீது அடித்துக் கொடுத்தேன், எல்லோரும் பணம் கொடுத்தார்கள். ஒருத்தரும் குறைத்துக் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு வகுப்பு எடுத்த பழக்கம் இன்னும் போகவில்லை.

கோபி தமிழம்மா:
போகாது. 31 வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்கள் அச்சகம் ஒரே நாளில் ஊர் பூராவும் அழிக்கிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

வான்நோக்கி:
அந்தப் பூமி நிழல் விஷயத்தை மட்டும் திருத்திவிடுங்கள் செல்வம். பிள்ளைகள் படிக்கிற இடம்.

அச்சகம் செல்வம்:
எதையும் திருத்தப் போவதில்லை. அடுத்த மாச பூஜைக்கு 1000 நோட்டீஸ் ஆர்டர். பிளேட் போட்டாச்சு. ப் இருக்கிறது.

கோபி தமிழம்மா:
ஒரு கட்டு என் வீட்டுக்கு அனுப்புங்கள் தம்பி. சிவப்புப் பேனா எடுத்து வைத்துவிட்டேன்.

யாழ் நிலா:
நோட்டீஸ் என்று ஏன் எழுதுகிறீர்கள்? துண்டுப்பிரசுரம் என்று அழகான சொல் இருக்கிறதே.